கண்ணாடிக்கடியில் ஒரு கைநாட்டு

சென்ற சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த என் தம்பி, எங்கள் அன்னையாருக்கென ஒரு புதிய கையடக்கத் தொலைபேசியைக் கொண்டுவந்தான். அன்னையார் அதுகாறும் வைத்திருந்தது பொத்தான்கள் கொண்ட பழைய தொலைபேசி. புதியதிலோ முன்புறத்திற் பொத்தான் என்று பெயருக்கும் ஒன்றில்லை. முகம் முழுவதும் கண்ணாடி. அக்கண்ணாடியின் கீழ்ப்பாகத்தில் விரலடையாளம் போன்ற ஒரு சிறு சித்திரம் மங்கலாகத் தோன்றும். அவ்விடத்தில் விரலை வைத்தால் விரலின் கீழே பச்சை ஒளி ஒன்று பளிச்சிடும். மறுகணம் தொலைபேசி திறந்துகொள்ளும். திறப்பும் இல்லை, திறப்புத் துவாரமும் இல்லை.

தம்பியின் விரலைப் பதிந்தோம், திறந்தது. என் மகளின் விரலைப் பதிந்தோம். அவள் விரல் வைக்குமுன்னரே திறந்ததோ என ஐயுறுமளவுக்கு விரைந்து திறந்தது. உடைமைக்காரராகிய அன்னையாரின் பெருவிரலுக்கு மாத்திரம் அது இணங்கவில்லை. பதிவு செய்வதற்கே பத்து நிமிடம் பிடித்தது. பதிந்த பின்னரும் பத்துத் தடவைக்கு இரண்டு தடவைதான் திறந்தது. ஐந்து முறை தவறியதும், சற்றுப் பொறுத்திருந்து மீண்டும் முயலுமாறு கட்டளை வேறு பிறப்பித்தது.

“என்ன தம்பி, என்ரை கையை இது நம்பாதாமோ?” என்று அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆயினும் அச்சிரிப்பிற் சிறிது மனத்தாங்கலும் கலந்திருந்தது. அதற்குக் காரணமும் உண்டு. அன்னையார் எட்டாம் வகுப்புவரை படித்தவர். அவருடைய கையெழுத்து முத்துக் கோத்தாற்போலிருக்கும். உறுதி எழுதும் நொத்தாரிசின் முன்னிலையிலும், வங்கியிலும், தபாற் கந்தோரிலும் அயலவர்கள் மைப்பெட்டியில் விரலைத் தோய்த்து நிற்கையில், தாம் பேனா பிடித்துக் கையொப்பமிட்டதை இன்றும் ஒரு பெருமையாகச் சொல்லுவார்.

கைநாட்டு என்னும் சொல்லுக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு தாழ்வான பொருள் உண்டு. ‘அவன் கைநாட்டு’ என்றால் எழுத்தறியாதவன் என்பது கருத்து. இன்றோ பேராசிரியரும், நீதியரசரும், வைத்தியரும் நாள்தோறும் பன்முறை கைநாட்டு வைத்தே தத்தம் தொலைபேசியைத் திறக்கின்றனர். வாழ்நாள் முழுவதும் கையொப்பமிட்டு வந்த ஒரு மூதாட்டியிடம் இறுதியிற் கைநாட்டுக் கேட்டு, அதையும் ஏற்க மறுத்தது அக்கண்ணாடி. ஏன் மறுத்தது என்று அறியும் ஆவல் என்னை விட்டபாடில்லை. விடுமுறை முடியும்வரை அதைப்பற்றியே படித்தேன். படித்தவற்றுட் சில, இத்தகைய தொலைபேசி வீட்டுக்கு வீடு வந்துவிட்ட இந்நாளில் ஏனையோருக்கும் பயன்படக்கூடும்.

விரற்பதிவைக் கொண்டு ஆளை இனங்காணும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியிருப்பினும், அதன் நவீன வரலாறு தொடங்கியது நமக்கு அயலிலுள்ள வங்காளத்திலேயாம். 1858ஆம் ஆண்டில் ஜங்கிப்பூரில் உத்தியோகம் பார்த்த வில்லியம் ஹேர்ஷல் என்னும் ஆங்கிலேயர், வீதி அமைப்பதற்கு வேண்டிய பொருள் வழங்கும் ஒப்பந்தமொன்றை ராஜ்யதர் கோனாய் என்பவருடன் செய்துகொண்டார். ஒப்பந்தக்காரர் பின்னொருநாள் ‘இது என் கையொப்பமன்று’ என மறுத்துவிடலாகாதே என்று எண்ணி, அவருடைய கையில் மை பூசி ஒப்பந்தத்தாளின் பின்புறத்திற் பதிப்பித்தார். அப்பொழுது அதில் விஞ்ஞானம் ஒன்றுமில்லை; ஆளை வெருட்டி வைப்பதே நோக்கம். ஆனால் அதன்பின் ஹேர்ஷல் பல்லாண்டுகள் பலருடைய பதிவுகளைச் சேகரித்து, ஆண்டுகள் கழிந்தும் அவை மாறாதிருத்தலைக் கண்டார். 1877இல் ஹூக்ளியில், ஓய்வூதியம் பெறுவோரிடமும், உறுதி பதிவோரிடமும், சிறைப்பட்டோரிடமும் விரற்பதிவு பெறும் முறையைப் புகுத்தினார். ஓய்வூதியக்காரர் காலமான பின்னரும் அவர் பெயரில் வேறெவரோ வந்து பணம் வாங்கிச் செல்லும் வழக்கம் அக்காலத்திலும் இருந்தது போலும்.

1880இல் ரோக்கியோ நகரில் மருத்துவத் தொண்டாற்றிய ஹென்றி போல்ட்ஸ் என்பார், குற்றவாளிகளைக் கண்டறிய விரலடையாளம் உதவும் என ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1892இல் பிரான்சிஸ் கோல்ற்றன் இதுபற்றி ஒரு நூலே வெளியிட்டார். எனினும் ஆயிரக்கணக்கான பதிவுகளுள் வேண்டிய ஒன்றை விரைவில் தேடியெடுப்பது எவ்வாறு என்பதே பெரும் இடராயிருந்தது. அவ்விடரைத் தீர்த்தவர்கள் கல்கத்தாவிற் பணிபுரிந்த அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இருவர். பத்து விரல்களின் சுழிகளையும் வளைவுகளையும் கணக்கிட்டு, பதிவுகளை 1,024 அறைகளாக வகுத்துவைக்கும் முறையை உருவாக்குவதில் அவ்விருவரின் உழைப்பே முதன்மையானது. 1897இல் அங்கே விரலடையாளப் பணியகம் நிறுவப்பட்டது. 1901இல் இலண்டன் ஸ்கொட்லண்ட் யார்ட் பொலிசாரும் அம்முறையைக் கைக்கொண்டனர். முறைக்கு வழங்கிய பெயரோ, மேலதிகாரியாக இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயர். அரசாங்க உத்தியோகம் பார்ப்போருக்கு இதில் வியப்பொன்றும் இராது.

விரலிலுள்ள இவ்வரைகள் எங்கிருந்து வந்தன? கருப்பையிற் சிசு இருக்கும் காலத்திலேயே, ஏறக்குறைய மூன்றாம் மாதத்தில் அவை அரும்பத் தொடங்கி, ஆறாம் மாதத்துக்குள் நிலைபெற்றுவிடுகின்றன. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கும் அவை ஒன்றாயிருப்பதில்லை. 2023இல் எடின்பரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்குரிய காரணத்தைத் தெளிவுபடுத்தினர். விரல்நுனியின் சில இடங்களில் தொடங்கி, குளத்தில் எழும் அலைபோல வரிவரியாகப் பரவிச் சென்று, ஒன்றையொன்று சந்திக்குமிடத்திற் சுழியாகவும் வளைவாகவும் முடிவனவே இவ்வரைகள் என்பது அவர்கள் கண்ட முடிபு. ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் நிற்கும் இரசாயனப் பொருள்கள் இவ்வாறான கோலங்களை வரையக்கூடும் என 1952இலேயே கணக்கினாற் காட்டியவர் அலன் ரியூரிங். கணிப்பொறியியலின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படுபவரும் அவரே. விரற்கோலத்தின் கணக்கை எழுதிய அந்த மனிதர், விரலைப் பார்த்துத் திறக்கும் இயந்திரத்துக்கும் ஒருவகையில் மூதாதையாகின்றார்.

இனி, தொலைபேசிக்கு வருவோம். மை தோய்த்த விரலைக் காகிதத்திற் பதித்தது போய், அதே விரலை மின்சாரமும் ஒளியும் ஒலியும் வாசிக்கும் காலம் இது. 2013 செப்டெம்பரில் அப்பிள் கொம்பனி வெளியிட்ட ‘ஐபோன் 5எஸ்’ மூலமாகவே கைத்தொலைபேசியில் விரலடையாளம் என்பது பெருவழக்காயிற்று. அதில் விரல் வைப்பதற்கு வட்டமான ஒரு பொத்தான் இருந்தது. தோலின் மேடு கருவியைத் தொடும், பள்ளம் தொடாது, இரண்டுக்குமிடையே மின்னேற்றத்தில் உண்டாகும் வேறுபாட்டைக் கொண்டு கோலம் அறியப்பட்டது. பின்னர் வாங்குவோர் யாவரும் பெரிய திரையை விரும்பினர். திரை வளர வளரப் பொத்தானுக்கு இடமில்லாது போயிற்று. விரற்கருவி சில தொலைபேசிகளில் முதுகுக்குப் போனது. சிலவற்றில் விலாவுக்குப் போனது. அப்பிள் கொம்பனியோ 2017இல் முகத்தைப் பார்த்துத் திறக்கும் முறைக்கு மாறத் தொடங்கிற்று. எஞ்சிய ஒரே இடம் கண்ணாடிக்கு அடிப்புறம். 2018 ஜனவரியில், சினப்டிக்ஸ் என்னும் கொம்பனியின் கருவியைத் திரையின் கீழ் வைத்து, சீனத்து விவோ கொம்பனி ஒரு தொலைபேசியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவ்வகையில் விற்பனைக்கு வந்த முதலாவது அதுவே.

திரைக்குக் கீழே இருந்துகொண்டு திரைக்கு மேலேயுள்ள விரலைக் காண்பது எப்படி? நம் ஊரிற் கிடுகு வேலிக்கு உட்புறமாக நின்று வீதியிற் போவோரைப் பார்க்கும் வித்தைதான். ஓ.எல்.ஈ.டி. எனப்படும் திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும். பின்னால் வேறு விளக்கு வேண்டுவதில்லை. எனவே திரை மிக மெல்லியதாயும், புள்ளிகளுக்கிடையே நுண்ணிய இடுக்குகள் உள்ளதாயும் அமைகின்றது. விரல் வைத்தவுடன் அவ்விடத்துப் புள்ளிகள் பிரகாசமாக எரிந்து விரலுக்கு வெளிச்சம் காட்டுகின்றன. அன்னையார் கண்ட பச்சை ஒளி இதுவே. விரலிற் பட்டு மீளும் ஒளி, இடுக்குகளின் வழியே இறங்கிக் கீழேயுள்ள சிறு ஒளிப்படக் கருவியை அடைகின்றது. பின்னால் விளக்குப் பலகை வைத்த பழைய எல்.சி.டி. திரைகளில் இவ்வசதி எளிதிற் கிட்டவில்லை. மலிந்த தொலைபேசிகளில் இக்கருவி நெடுநாள் வாராதிருந்தமைக்கு இது ஒரு காரணம்.

மற்றொரு வகை ஒலியினாற் பார்ப்பது. குடத்தைத் தட்டி நீர் எவ்வளவு உண்டென்று அறிவதில்லையா? அதுபோல, நம் செவிக்கெட்டாத நுண்ணொலியைக் கருவி கண்ணாடியினூடாக மேல்நோக்கி அனுப்புகின்றது. தோலின் மேடு கண்ணாடியைத் தொட்டிருக்குமிடத்தில் ஒலியின் ஒரு பகுதி தசைக்குட் புகுந்துவிடும். பள்ளத்திற் காற்று நிற்பதால் அவ்வொலி பெரும்பாலும் திரும்பிவிடும். திரும்பிவரும் ஒலியைக் கொண்டு மேடுபள்ளங்களின் உருவம் கணிக்கப்படுகின்றது. குவால்கொம் கொம்பனியின் இக்கருவியைச் சாம்சங் 2019இல் தன் ‘கலக்ஸி எஸ்10’ தொலைபேசியில் வைத்தது. ஒளிப்படம் காகிதத்தில் வரைந்த விரலைக் கண்டு ஏமாறலாம். ஒலியோ ஆழத்தையும் அளப்பதால் ஏமாறாது என்பது அக்காலத்து நம்பிக்கை.

அந்நம்பிக்கைக்கு வந்த சோதனையை விரிவாகச் சொல்லல் வேண்டும். இவ்விடயத்தில் நான் படித்தவற்றுள் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது அதுவே. 2019 ஒக்டோபரில், இங்கிலாந்தில் ஒரு குடும்பப் பெண், தம் தொலைபேசியின் முகம் கீறுபடாதிருக்க மூன்று பவுணுக்கும் குறைந்த விலையில் ஒரு மெல்லிய உறையை வாங்கி ஒட்டினார். அவர் பதிந்திருந்தது வலக்கைப் பெருவிரலை. ஒருநாள் தற்செயலாக இடக்கைப் பெருவிரல் பட்டதும் தொலைபேசி திறந்துகொண்டது. வியப்புற்றுக் கணவரை அழைத்து அவர் விரலை வைக்கச் செய்தார், அதற்கும் திறந்தது. விலை உயர்ந்த அத்தொலைபேசி, கேட்பார் கேள்வியின்றி எவர்க்கும் கதவு திறந்துவிடும் சத்திரமாகியிருந்தது.

காரணம் பின்னர் வெளியாயிற்று. சிலிக்கோன் உறைகள் சிலவற்றின் உட்புறத்தில் மேடும் பள்ளமுமாக ஒரு கோலம் இருந்தது. கருவி அக்கோலத்தையே விரலின் கோலமென மயங்கிக்கொண்டது. மேலே இருப்பது எவர் விரலாயினும் கீழே தோன்றுவது அதே உறையின் கோலந்தானே? ஆகவே கருவி ‘இவர் எசமானரே’ எனத் தீர்ப்பளித்துவிட்டது. சாம்சங் கொம்பனி இதனை ஒப்புக்கொண்டு, அத்தகைய உறைகளை நீக்கும்படி அறிவித்து, அம்மாதத்திலேயே திருத்தமும் அனுப்பியது. அதற்கிடையில் தென்கொரியாவின் காக்காவோ வங்கி, விரலடையாள வசதியை நிறுத்தி வைக்குமாறு வாடிக்கையாளருக்கு அறிவுறுத்திற்று. பிரித்தானியாவின் நட்வெஸ்ட் வங்கியும் ரோயல் பாங்க் ஒப் ஸ்கொட்லண்டும் அவ்வகைத் தொலைபேசிகளுக்குத் தங்கள் செயலியை வழங்காது சிலகாலம் நிறுத்தின. பூட்டின் குற்றத்தைக் கண்டுபிடித்தது ஆய்வுகூடமன்று. மலிவான ஓர் உறையும் ஓர் இல்லத்தரசியின் கவனமுமே.

கருவி இவ்வாறு மயங்குவதற்கு அடிப்படையான ஒன்றை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அது நம் விரலை முழுதாகப் பார்ப்பதே இல்லை. அவ்வாண்டு வெளிவந்த அந்த ஒலிக்கருவியின் அளவு 4 மில்லிமீற்றர் அகலமும் 9 மில்லிமீற்றர் நீளமுமாகும். ஒரு நெல்மணியின் நீளமும், அதனினும் சிறிது கூடிய அகலமும் என்க. 2021இல் வந்த அடுத்த கருவி பக்கமொன்றுக்கு 8 மில்லிமீற்றராக வளர்ந்தது. அப்பொழுதும் அது பெருவிரல் நுனியின் ஒரு பகுதியே. பதிவு செய்யும்போது விரலை அப்படியும் இப்படியும் மாற்றி வைக்கும்படி நம்மை அது ஏவுவது, துண்டு துண்டாகப் பார்த்துத் தொகுத்து வைத்துக்கொள்வதற்காகவே. பின்னர் ஏதேனும் ஒரு துண்டு பொருந்தினாற் போதுமென்று கதவைத் திறக்கின்றது. 2017இல் அமெரிக்காவின் நியூயோர்க், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இத்தகைய துண்டுப் பதிவுகளுட் சில, பலருடைய பதிவுகளோடு பொருந்தும் பொதுத் திறப்புப் போல அமையக்கூடும் என எடுத்துக் காட்டினர்.

ஆகவே விரலடையாளம் என்பது ‘ஆம், இல்லை’ என்னும் துணிபு அன்று. ‘பெரும்பாலும் ஆம்’ என்னும் ஊகமே. அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் உயர்தரமெனக் கொள்ளப்படும் கருவி, அயலார் விரலை 50,000இல் ஒரு முறைக்கு மேல் ஏற்கலாகாது என்பது விதி. நான்கு இலக்க இரகசிய எண்ணொன்றைக் குருட்டாம்போக்கிற் சொல்லிச் சரியாக அமைவதற்கான வாய்ப்பு 10,000இல் ஒன்று. அந்தக் கணக்கில் விரல் ஐந்து மடங்கு மேலானது. ஆயினும் எண் வேறு, விரல் வேறு. எண் நம் நெஞ்சுக்குள் இருப்பது. விரல் எல்லார் கண்முன்னும் இருப்பது. தண்ணீர் அருந்திய குவளையிலும், பேருந்தின் கைப்பிடியிலும் அதை நாமே விட்டுவிட்டு வருகின்றோம். ஐபோன் 5எஸ் கடைக்கு வந்த சில நாள்களுக்குள்ளேயே, ஜேர்மனியிலுள்ள ‘கேயோஸ் கம்பியூட்டர் கிளப்’ சங்கத்தினர், கண்ணாடியிற் படிந்திருந்த விரற்பதிவைப் படமெடுத்து, அச்சிட்டு, மெல்லிய போலித்தோல் செய்து அதைத் திறந்து காட்டினர். 2014 டிசெம்பரில் அச்சங்கத்து ஒருவர், அந்நாட்டின் அப்போதைய பாதுகாப்பு அமைச்சராகிய ஊர்சுலா பொன் டேர் லையனின் விரலடையாளத்தை, பொதுவிடத்தில் எடுத்த ஒளிப்படங்களிலிருந்தே உருவாக்கியதாக அறிவித்தார்.

தூங்குபவரின் விரலும் விரலே. இரகசிய எண்ணைத் தூங்குபவரிடமிருந்து பறிக்க முடியாது, விரலை முடியும். 2017 நவம்பரில் டோகாவிலிருந்து பாலித் தீவுக்குப் பறந்துகொண்டிருந்த கத்தார் விமானமொன்றில், உறங்கிக்கொண்டிருந்த கணவரின் விரலை அவர் தொலைபேசியில் வைத்துத் திறந்த மனைவி, அதிற் கண்டவற்றாற் பெருஞ்சினமுற்றதாகவும், எழுந்த அமளி அடங்காமையால் விமானம் வழிமாறிச் சென்னையில் இறங்கி அக்குடும்பத்தை இறக்கிவிட்டுச் சென்றதாகவும் பத்திரிகைகள் எழுதின. கண்ணாடிக்கடியிலான கருவி அப்போது கடைக்கு வந்திருக்கவில்லை. வந்திருந்தாலும் கதை வேறுவிதமாய் முடிந்திராது.

எல்லாவற்றினும் பெரிய சங்கடம், விரலை மாற்ற முடியாமை. எண் களவுபோனால் வேறெண் வைக்கலாம். 2015இல் அமெரிக்க அரசின் ஆளணி நிருவாகக் கந்தோரிலிருந்து ஊழியர் விவரங்கள் களவாடப்பட்டபோது, அவற்றுள் 56 இலட்சம் பேரின் விரலடையாளங்களும் அடங்கியிருந்தன. அவர்கள் வேறு விரலுக்கு எங்கே போவது? இவ்வகையிற் கைத்தொலைபேசி ஓரளவு நல்லது என்றே சொல்லல் வேண்டும். அது விரலின் படத்தை எங்கும் அனுப்பாது, கணக்குக் குறிப்பாக மாற்றித் தன்னுள்ளேயே தனியறையொன்றிற் பூட்டி வைக்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. நிறுத்தித் திறக்கும் ஒவ்வொரு முறையும், முதலில் எண்ணையே கேட்கும். எண்ணுக்குப் பின்னரே விரலுக்கு இடங்கொடுக்கும்.

இதுகாறும் கூறியது, அயலானை எசமானென மயங்கும் பிழை. பத்திரிகைகள் பெரிதாய் எழுதுவது இதைத்தான். எசமானையே அயலானென்று தள்ளும் பிழை ஒன்றும் உண்டு. அதைப்பற்றி எழுதுவோர் குறைவு. அதனாற் கப்பல் ஒன்றும் கவிழ்வதில்லையே என்பது அவர்கள் எண்ணம். இரண்டு பிழைகளும் தராசின் இரு தட்டுப் போன்றவை: ஒன்றைக் குறைக்கக் கருவியைக் கண்டிப்பாக்கினால் மற்றது ஏறும். ஏறும்போது அது எல்லார்மீதும் ஒரே அளவாய் ஏறுவதில்லை. மேடும் பள்ளமும் தெளிவாயுள்ள விரலை எந்தக் கருவியும் ஏற்கும். அவை தேய்ந்த விரல் யாருடையது? சுண்ணாம்பும் சீமெந்தும் குழைக்கும் மேசனுடையது. நாள்முழுதும் பாத்திரம் விளக்கிச் சாம்பலும் சவர்க்காரமும் பட்ட கை. மண்வெட்டி பிடித்த கை. முதுமையால் ஈரம் வற்றி, தோல் தளர்ந்து, வரை தாழ்ந்த கை. தோல் வறண்டால் கண்ணாடியோடு சரிவரப் பொருந்தாது; ஒளிக்கருவிக்கு மேடெது பள்ளமெது என்று புலப்படாது.

நோயும் மருந்துங்கூட விரலைத் துடைத்துவிடுவதுண்டு. புற்றுநோய்க்குக் கொடுக்கும் ‘கப்பெசிற்றபீன்’ என்னும் மருந்து உள்ளங்கையிலும் பாதத்திலும் தோலை உரியச் செய்யும் இயல்புடையது. அம்மருந்தை உட்கொண்டு வந்த சிங்கப்பூர் முதியவர் ஒருவர், உறவினரைக் காண அமெரிக்கா சென்றபோது விரலில் வரையில்லாமையால் நான்கு மணிநேரம் விமான நிலையத்திற் காத்திருக்க நேர்ந்ததை, அவருடைய மருத்துவர் 2009இல் மருத்துவ இதழொன்றில் எழுதி, அம்மருந்து உண்போர் வைத்தியரின் கடிதமொன்றைக் கையோடு கொண்டுசெல்வது நன்றெனக் கூறினார். பிறவியிலேயே விரல்வரை இல்லாத குடும்பங்களும் உலகில் உண்டு. அதற்குக் காரணமான மரபணுப் பிழையைச் சுவிற்சலாந்துக் குடும்பமொன்றை ஆராய்ந்து 2011இற் கண்டறிந்தனர். எல்லைகளில் அக்குடும்பத்தினர் படும் பாட்டினால் அதற்கு ‘குடிவரவுத் தாமத நோய்’ என்ற பட்டப் பெயரும் வழங்குகின்றது.

தொலைபேசி திறக்காவிடின் எண்ணைக் கொடுத்துத் திறக்கலாம். வேறு வழியே வைக்காமல் விரலொன்றையே கேட்கும் இடங்களிற்றான் இது துன்பமாகின்றது. இந்தியாவிற் பங்கீட்டுக் கடைகளில் அரிசி வாங்குவோரின் விரலைக் கருவி சரிபார்க்கும் முறை வந்தபின், அச்சரிபார்ப்புத் தவறும் வீதம் ஜார்க்கண்ட் மாநிலத்தில் 49 சதவீதம் எனவும், குஜராத்தில் 6 சதவீதம் எனவும் மதிப்பீடுகள் உள்ளதாக அந்நாட்டின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை குறித்தது. இணைப்புக் கோளாறு முதலிய பிற காரணங்களும் அவற்றுட் கலந்திருத்தல் கூடும். எனினும் கடை வாயிலில் வெறும் பையோடு திரும்புகின்றவருக்குக் காரணம் எதுவாயினும் ஒன்றே.

இவற்றையெல்லாம் படித்தபின் ஒருநாட் காலை அன்னையாரின் தொலைபேசியை மீண்டும் எடுத்தேன். அவருடைய வலக்கைப் பெருவிரலை அன்றுதான் நான் ஊன்றிப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாயிருக்கின்றது. துலாக்கொடி இழுத்தும், அம்மிக் குழவி பிடித்தும், புகையிலைக்குத் தண்ணீர் கட்டியும் ஐம்பதாண்டு கழித்த விரல் அது. நுனியில் வரை என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய இல்லை. குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகளே உண்டு. கருவி அவ்வெடிப்புகளைப் பார்த்துத் திகைத்ததிற் குற்றமில்லை.

கண்ணாடிமீது கடைக்காரர் ஒட்டியிருந்த தடித்த மேலுறையை முதலிற் கழற்றினேன். மேலுறை ஒட்டுவதாயின் ஒட்டியபின்னரே விரலைப் பதிதல் வேண்டும். பதிந்தபின் உறை மாற்றினாற் பழைய பதிவை அழித்து மீண்டும் பதிதல் வேண்டும் என்பதை இத்தகைய தொலைபேசி வைத்திருப்போர் கவனிப்பது நல்லது. கண்ணாடியை மென்துணியால் துடைத்தேன். பெருவிரலை விட்டு, வேலை குறைவாகப் பட்ட இடக்கை மோதிர விரலைத் தெரிந்தோம். வறண்ட விரலுக்குச் சிறிது ஈரம் வேண்டுமாதலால், கைகழுவி ஒற்றியவுடன் வைக்கச் சொன்னேன். அதே விரலை இருமுறை, இரண்டு வேறு விரல்கள் போலப் பதிந்தோம். பதிந்த துண்டுகள் கூடுதலானாற் பொருந்தும் வாய்ப்பும் கூடும். வெயிலில் நின்று பதியாமல் வீட்டுக்குள் இருந்து பதிந்தோம். இப்போது பத்துக்கு ஏழு தடவை திறக்கின்றது. தம்பியின் விரலையும் மகளின் விரலையும் அழித்துவிட்டோம். தொலைபேசி ஒருவருடையது, அதைத் திறக்கும் விரலும் ஒருவருடையதாயிருப்பதே முறை. என் மகளுக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை.

எஞ்சிய மூன்று தடவைக்காக ஆறு இலக்க எண்ணொன்றை வைத்துக்கொள்ளும்படி அன்னையாரிடம் கூறினேன். பிறந்த தேதியும் வீட்டிலக்கமும் வேண்டாமென்றும், எங்கும் எழுதி வைக்கலாகாதென்றும், எனக்குங்கூடச் சொல்லத் தேவையில்லையென்றும் வகுப்பில் மாணவர்க்குச் சொல்வதுபோலச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மறுபக்கம் திரும்பியிருந்து, நிதானமாக ஆறு எண்களையும் அழுத்தினார். தம்பி கனடாவுக்குத் திரும்பிய நாளாயிருக்கலாம் என்று எனக்கொரு சந்தேகம். அவர் கோவிலுக்குப் போயிருந்த வேளையில் அதை அழுத்திப் பார்த்தேன், திறக்கவில்லை.